தனியாக வெட்டி ஒட்டிய க்

மூன்றாவது கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை காலை, பேக்கரிக்காரி மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவைத் தாண்டி வந்தாள். புத்தகக்கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. கடைக்காரி ஸ்டூல்மேல் நின்று மேல்தட்டுக் கைடுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்கக்கா. இன்னொண்ணு வந்திருக்கு."

கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, அது கடிக்கும் என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் வந்த இரண்டும் ஏப்ரன் பையில் இருந்தன. அவற்றையும் எடுத்துப் போட்டாள்.

பேக்கரிக்காரிக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் போய் ஏழு வருடம் ஆகிறது. குழந்தை கிடையாது. கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். அடுப்பு, பணியாள், வயதான மாமனார் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள், இந்த வருடம்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கடைக்கு வயரிங் செய்ய வந்த எலக்ட்ரிசியனைக் கல்யாணம் செய்துகொள்வது என்று. பதிவு அலுவலகத்தில் தேதிகூடக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகுதான் கடிதங்கள் வர ஆரம்பித்தன. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது உள்ளே கிடக்கும். கையெழுத்து கிடையாது. எல்லாம் அச்சுப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டிய வார்த்தைகள்.

இன்று வந்ததில் இப்படி இருந்தது: "அவனைப் பற்றிக் கேள். பன்னிரண்டு வருடம் எங்கே இருந்தான்? யாரோடு இருந்தான்? கல்யாணத்தை நிறுத்து. பிறகு அழாதே."

"ரெண்டாவது வந்தப்பவே நான் அவர்கிட்ட கேட்டுத் தொலைச்சிட்டேன்," என்றாள் பேக்கரிக்காரி. "வெளியூர்ல கப்பல் கட்டற இடத்துல வேலை பார்த்தேன், ஒண்டிக்கட்டையா இருந்தேன், அவ்வளவுதான்னு சொன்னார். நான் மூஞ்சியை எப்படி வச்சிருந்தேனோ தெரியல. 'சந்தேகம்னா விட்டுடலாம்'னு சொல்லிட்டுப் போனவர்தான். ஒரு வாரமாச்சு, இந்தப் பக்கமே தலைகாட்டல."

"போலீசுக்குப் போகலாமே?"

"போய் என்னன்னு சொல்றது? ஊரே சிரிக்கும். நீங்கதான் கடை முழுக்கத் துப்பறியும் கதையா வச்சிருக்கீங்களே. கண்டுபிடிங்க."

அந்த ஊருக்கு அது ஒன்றுதான் புத்தகக்கடை. முன்பக்கம் நோட்டு, பேனா, கைடு. பின்பக்கம் இரண்டு அலமாரி நிறையப் பழைய நாவல்கள். அவற்றில் பாதிக்குமேல் கொலையும் கொள்ளையும்தான். ஐம்பத்து மூன்று வயதில் கடைக்காரி அவற்றை எல்லாம் ஒருமுறையாவது படித்திருந்தாள். அவற்றில் ஒரு வரிசை இருந்தது. கிராமத்துப் புத்தகக்கடைக்காரர் ஒருவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டித் தட்டியே பன்னிரண்டு பாகங்களில் பன்னிரண்டு கொலைகாரர்களைப் பிடித்துக் கொடுப்பார். அதை வைத்துத் தெருவில் அவளைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. அவளுக்கும் அந்தக் கேலி உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

அவள் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முதலில் கண்ணில் பட்டது "அவனைப்" என்ற வார்த்தை. அந்த ‘னை’ இப்போதைய ‘னை’ இல்லை. முன்னால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய எழுத்து. ஆக, எழுத்து மாறுவதற்கு முன்பு அச்சான புத்தகம். தாளும் டீத்தூள் நிறத்துக்குப் பழுத்திருந்தது.

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, "கல்யாணத்தை" என்ற துண்டை ஆவியில் காட்டினாள். புத்தகம் கட்டுபவர்கள் காய்ச்சும் மைதாப் பசை. அடம் பிடிக்காமல் விட்டுக்கொடுத்தது. துண்டைத் திருப்பினாள். பின்பக்கம் "மூக்குப்பொடி" என்று இருந்தது.

"அட!" என்றாள்.

"என்னக்கா?"

"இது அந்தப் பன்னிரண்டு பாகத்துல ஒண்ணு. இப்ப வர்ற பதிப்பெல்லாம் புது எழுத்து. பழைய எழுத்துல ஒரே ஒரு செட்டுதான் எங்கிட்ட வந்துச்சு. வாசகசாலையை மூடினப்ப வாங்கினது. அதை…"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூக்குப்பொடிக்காரர் நிறுத்தியிருப்பார். ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் அவள் வாயை மூடவிடவில்லை.

"அதை உன் நாத்தனார்தான் ஜனவரியில வாங்கிட்டுப் போனா."

பேக்கரிக்காரியின் முகம் சட்டென்று வற்றிப்போனது. இறந்த புருஷனின் தங்கை அவள். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை. கல்யாணப் பேச்சு எழுந்தபோது, "அண்ணன் போட்டோவைக் கழட்டி எங்கிட்ட குடுத்துடுங்க அண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னவளும் அவள்தான். அதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

"இரு, அவசரப்படாதே," என்று கடைக்காரி சொல்லி முடிப்பதற்குள் ஏப்ரன் தெருவில் இறங்கிவிட்டது.

என்ன நடந்தது என்று கால்மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கிளினிக்கில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, பேக்கரிக்காரி கவுன்டர்முன் நின்று, "மொட்டைக் கடுதாசி எழுதறதுக்கு நேரா என் மூஞ்சில காறித் துப்பியிருக்கலாம்" என்று கத்தியிருக்கிறாள். நாத்தனார் முதலில் விழித்திருக்கிறாள். புத்தகக்கடையில் சொன்னார்கள் என்றதும் பதிலுக்குக் கத்தியிருக்கிறாள். கடைசியில் டாக்டரே வெளியே வந்து இருவரையும் அதட்டும்படி ஆகிவிட்டது.

மத்தியானம் கிளினிக் துப்புரவுக்காரம்மா புத்தகக்கடைக்கு ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். நாத்தனார் எழுதியது. "என்னை பற்றி வாய்க்கு வந்ததை பேச வேண்டாம். இனி உங்கள் கடை பக்கம் வர மாட்டேன். வார பத்திரிக்கையும் அனுப்ப வேண்டாம். இதை கேட்டு கொள்ளவும்."

கடைக்காரி அதை இரண்டுமுறை படித்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் புருஷன் ஒன்றரை மணிக்குச் சாப்பிட வந்தார். டப்பாவைத் திறந்துகொண்டே, "என்ன சி.ஐ.டி. மேடம், கேஸ் முடிஞ்சுதா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியைச் சுருட்டிக்கொண்டார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு எழுதியிருப்பான்னு நீ நம்பறியா?"

"செட்டு அவகிட்டதானே இருக்கு?"

"நான் கேட்டது அது இல்லையே."

அவர் சாப்பிடும் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடதுகையால் மூன்றாவது கடிதத்தை இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டார்.

"ஒட்டினவன் பெரிய ஆள்தான். ரெண்டு ஓரமும் எப்படி நேரா நிக்குது பாரு."

"எது?"

"இடதுபக்கம் நேரா ஒட்டறது யாராலயும் முடியும். வலதுபக்கம் பாரு. ஒவ்வொரு வரியும் ஒரே இடத்துல முடியுது. நடுவுல இடைவெளியைக் கூட்டிக் குறைச்சுச் சரிக்கட்டியிருக்கான். தினம் கோட்டுக்குள்ள வண்டி நிறுத்தறவன் நான், எனக்குத் தெரியாதா?"

கடைக்காரி கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. வெட்டி ஒட்டிய காகிதம் என்பதை மறந்துவிட்டால், புத்தகத்தின் ஒரு பக்கம்போலவே இருந்தது. அவள் கண் மேலிருந்து மறுபடி வந்தது. "பற்றிக் கேள்." அந்த இடத்தில் தாள் கொஞ்சம் தடித்திருந்தது. விரலால் தடவினாள். "பற்றி" ஒரு துண்டு. "கேள்" ஒரு துண்டு. இரண்டுக்கும் நடுவில், அரிசி அளவில், தனியாக வெட்டி ஒட்டிய ஒரு "க்".

நாத்தனாரின் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "என்னை பற்றி." "கேட்டு கொள்ளவும்." ஒற்று என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவளின் எழுத்து. இவளா, மிரட்டல் கடிதத்தில் சந்திப் பிழை வரக் கூடாதென்று நகவெட்டிக் கத்தரியை வைத்துக்கொண்டு க் தேடியிருப்பாள்?

அந்த ஊரில் அப்படித் தேடக்கூடியவர் ஒருவர்தான். பேக்கரிக்காரியின் மாமனார். அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் எழுத்துக் கோத்தவர். ஊரில் அவருக்கு இன்னமும் கம்பாசிட்டர் என்றுதான் பெயர். தினமும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பென்சிலும் கையுமாகத் தினசரியில் பிழை திருத்துவார். புத்தகக்கடைக்கு வந்தாலும் வாங்குவது ஒன்றும் இருக்காது. புதுப் புத்தகத்தைப் பிரித்து, "பாரும்மா, முதல் பக்கத்துலயே மூணு" என்று நகத்தால் சுட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றார் புருஷன்.

"ஒண்ணும் இல்லை. சாப்பிடுங்க."

வழக்கமாகக் கதையில் இந்த இடம் வந்ததும் அவள் நிமிர்ந்து உட்காருவாள். எல்லோரையும் ஒரே அறைக்குள் கூட்டி வைத்து, ஒவ்வொருவராக விலக்கி, கடைசியில் விரலை நீட்டுவார்களே, அதற்காகவே படிப்பவள். இப்போது அந்த விரல் தன் கையில் இருந்தபோது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு பேக்கரிக்காரி மாவு மூட்டை எடுக்க மண்டிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு தெருவைத் தாண்டினாள். கம்பாசிட்டரின் அறை அடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்தது. எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் பூதக்கண்ணாடி, ஆறு பழைய நாவல்கள். எழுபத்தொன்பது வயது மனிதர் கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் தினசரியை வைத்துக்கொண்டிருந்தார். பென்சில் காதில் இருந்தது. திருத்திக்கொண்டிருக்கவில்லை.

"வாம்மா, உக்காரு. அவ மண்டிக்குப் போயிருக்கா."

"தெரியும் ஐயா. உங்களைத்தான் பார்க்க வந்தேன். ஒரு சந்தேகம்."

"கேளு."

"‘பற்றிக் கேள்’னு வருதே. அந்த க் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவர் தினசரியை மடித்து ஓரமாக வைத்தார். அடுப்பறையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"நூத்திப் பதினாலாம் பக்கம்," என்றார். "‘பற்றி’ நிறைய இருந்துச்சு. ஆனா எல்லாத்துக்கும் பின்னாடி ‘அவர்’, ‘என்ன’, ‘ஒன்றும்’னு உயிரெழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தையா வந்து தொலைஞ்சிருக்கு. ஒற்று வராது. போகட்டும்னுதான் பார்த்தேன். மனசு கேக்கல."

"ஓரம்கூட நேரா இருக்கே ஐயா."

"கோணலா எப்படிம்மா விடறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அது உருண்டு நாவல்களில் முட்டி நின்றது.

"பொண்ணு எனக்குன்னே வாங்கின செட்டு. பாதியை இங்க வச்சா, பாதியை அவ வீட்டுல வச்சா. படிச்சு முடிச்சா மாத்திக் குடுப்பா," என்றார். கேட்காமலேயே மீதியையும் சொன்னார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அவளும் மருமகளும் மூட்டை அடுக்கற இடத்துல நின்னு பேசிட்டிருந்தாங்க. நான் தூங்கறதா நினைப்பு. கல்யாணத்துக்கு அப்புறம் என்னை எங்க வச்சுக்கறதுன்னு. கொஞ்ச நாள் இங்க, கொஞ்ச நாள் அங்க. பழைய பீரோவை எந்தச் சுவரோரம் தள்ளறதுன்னு பேசற மாதிரியே இருந்துச்சு. என் பொண்ணு, ‘எங்க வீட்டுல இடமே இல்லை அண்ணி’ன்னுட்டா. மருமக ஒண்ணுமே சொல்லல."

"நேரா கேட்டிருக்கலாமே ஐயா, அவகிட்ட?"

"கேட்டா பதில் சொல்லிடுவாளேம்மா. அதுதானே பயம்."

"தப்பு எம்மேலயும் இருக்கு," என்றாள் கடைக்காரி. "உங்க பொண்ணு பேரைச் சொன்னது நான்தான்."

"தெரியும். நேத்து சாயங்காலம் வந்தா. இதோ, இங்க உக்காந்து, ‘நான் அப்படிச் செய்வேனாப்பா’ன்னு என் மடியில தலை வச்சு அழுதா. நான் தலையைத் தடவிக் குடுத்தேன். தடவிக் குடுத்துக்கிட்டே வாயைத் திறக்காம இருந்தேன்." தன் வலதுகையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அவ போனதும் இந்தக் கையை என்ன பண்றதுன்னே தெரியல."

"யார் சொல்றது, நீங்களா நானா?"

"நான்தான் சொல்லணும். ஆனா நீ இங்கேயே இரு. நீ போயிட்டா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிடுவேன்."

பேக்கரிக்காரி நான்கு மணிக்கு வந்தாள். கடைக்காரியைப் பார்த்ததும், "யாருன்னு உறுதியாயிடுச்சா?" என்றாள். கம்பாசிட்டர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மருமகளிடம் எப்போதும் உட்கார்ந்தபடியே பேசுகிறவர்.

"நான்தான்மா. மூணும் நான்தான் ஒட்டினேன். அந்தத் தம்பியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் வாய்க்கு வந்தது. பொண்ணு மேல தப்பே இல்ல."

அவள் கடைக்காரியைப் பார்த்தாள். கடைக்காரி தலையசைத்தாள். அப்புறம் அவள் மாமனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கத்துவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள்.

"முதல் லெட்டரைப் படிச்சுட்டு ஷட்டர்கிட்டயே உக்காந்துட்டேனே," என்றாள் மெதுவாக. "தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்களே, மாமா."

"ஆமாம்மா."

முன்பக்கம் யாரோ ரொட்டி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். அவள் போனாள். ரொட்டியை வெட்டும் சத்தம், பொட்டலம் கட்டும் சத்தம், "பன் நாளைக்குத்தான்" என்ற குரல், எல்லாம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"உங்களை அனுப்பப்போறேன்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

"சொல்லல. அனுப்ப மாட்டேன்னும் சொல்லல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "நினைச்சேன்," என்றாள். "பொய் சொல்லல, ஒரு வாரம் நினைச்சேன். அப்புறம் அவர்தான் சொன்னார், ‘இந்த அறை இல்லேன்னா பெரியவர் எங்க போவார், நாம மாடியில ஒரு அறை போட்டுக்கலாம்’னு. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணல. சொல்லாமலே தெரியும்னு விட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க இங்கதான் இருப்பீங்க. எங்கயும் போக வேண்டாம். ஆனா கொஞ்ச நாளைக்கு எங்கிட்டப் பேச வராதீங்க. என்னால முடியாது."

அவர் தலையை ஆட்டினார். அன்று மாலையே சட்டையை மாட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு நடந்து போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை புத்தகக்கடைக்காரி கிளினிக்குக்குப் போனாள். கவுன்டரில் நாத்தனார் நிமிர்ந்து பார்க்காமலே டோக்கனை நீட்டினாள். பதினேழு. கடைக்காரி அதை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமை இருபது பேர் கேட்டிருந்தார்கள். பெஞ்சு நிறையட்டும் என்று காத்திருந்தாள். நிறைந்ததும் எழுந்து கவுன்டர்முன் போய் நின்றாள்.

"உன் பேரை அண்ணிகிட்ட சொன்னது நான்தான்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "சரியா யோசிக்காம சொன்னேன். நீ ஒண்ணுமே செய்யல. என்னை மன்னிச்சிடு."

இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். நாத்தனார் டோக்கன் கட்டை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

"அப்பா மேல கோபப்பட முடியல," என்றாள் தாழ்ந்த குரலில். "அண்ணி வாசல்ல வந்து நின்னு அழுதாங்க, அவங்க மேலயும் முடியல. அதனால மிச்சக் கோபம் முழுக்க உங்க மேலதான் இருக்கு."

"இருக்கட்டும்," என்றாள் கடைக்காரி. "நியாயம்தான்."

"டாக்டரைப் பார்க்கணுமா?"

"வேண்டாம்."

"அப்ப டோக்கனைக் குடுங்க."

எலக்ட்ரிசியன் விஷயம் அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. பேக்கரிக்காரி அவர் வேலை செய்துகொண்டிருந்த வீட்டுக்கே போய், ஏணிக்குக் கீழே நின்று நடந்ததைச் சொன்னாள். அவர் ஏணியில் நின்றபடியே கேட்டார். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். "என்னைப் பத்தி இவ்வளவு நேர்த்தியா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை" என்றார். சிரிப்பாரோ என்று அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. பெரியவர்மேல் தனக்கு வருத்தமில்லை, அவள் கேட்டபோது பார்த்த பார்வையைத்தான் மறக்க முடியவில்லை என்றார். நான்கு நாள் கழித்து, மாடியில் அறை போடச் செங்கல் எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

கொடுத்த தேதி தள்ளிப்போய், ஒரு மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தின் குறுகலான மாடிப்படியில் எலக்ட்ரிசியன் கம்பாசிட்டரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மருமகள் அதற்குள் மாமனாரிடம் பேச ஆரம்பித்திருந்தாள். "மாத்திரை போட்டீங்களா", "மழை வருது, ஜன்னலைச் சாத்துங்க" என்ற அளவில். நாத்தனாரும் வந்தாள், புருஷனோடு. அண்ணியின் புடவை மடிப்பைச் சரிசெய்துவிட்டாள். புத்தகக்கடைக்காரி இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

கடைக்காரி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புருஷனோடு பேருந்தில் திரும்பினாள். அவர் பள்ளிவிடும் நேரத்துக்குப் போயாக வேண்டும். கடை வாசலில் ஒரு அம்மா, பத்தாம் வகுப்புக் கணக்குக் கைடு இருக்கிறதா என்று கேட்டு நின்றுகொண்டிருந்தாள். இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.